ஆறு மணிப் பூவா, பத்து மணிப் பூவா? வேலூர் வெக்கையில் மாலைத் தோட்டம் வைக்க நினைப்பவர்களுக்கு

"அக்கா, நான் வீடு வந்து சேர பத்து மணி ஆயிடுது. ஆறு மணிக்குப் பூக்கிற பூ எனக்கு எதுக்கு?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ்; மாதத்தில் பாதி நாள் இரண்டாம் ஷிப்ட். அதே வாரம் சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். "அஞ்சு மணிக்கெல்லாம் வாசல்ல நாற்காலி போட்டுடுவேம்மா. எட்டரைக்குப் படுத்துடுவேன். பவழமல்லி வெக்கலாமா, முல்லைப் பந்தல் போடலாமா, இல்ல எல்லாத்தையும் மாடியில தொட்டியிலேயே வெச்சுக்கலாமா?"

கேள்வி இருவருக்கும் ஒன்றுதான், பதில் ஒன்றாக இருக்க முடியாது. இதே குழப்பத்தோடு இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பதினெட்டு வருடங்களாகக் காட்பாடியில் ஒரு சின்ன மனையில் மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவள் என்பதால், தெரிந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் வெயிலூர் என்பார்கள். மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு என்று பழமொழியாகவே சொல்வதும் உண்டு. இந்த ஊரில் பகலில் தோட்டத்தைப் பார்த்து மகிழ முடிவது மார்கழி, தை மாதங்களில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் நமக்குக் கிடைப்பது பொழுது சாய்ந்தபின் வரும் சில மணி நேரம். அந்த நேரத்தை மனதில் வைத்துத்தான் செடி தேர வேண்டும். நர்சரியில் பகல் பதினொரு மணிக்கு எது பளிச்சென்று தெரிகிறதோ அதை வாங்கி வந்தால், நாம் உட்காரும் நேரத்தில் அது வெறும் கறுத்த புதராகத்தான் நிற்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

மணி. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம் உண்டு. திணை வகுத்த நம் முன்னோர் முல்லைக்கு மாலையையும் குறிஞ்சிக்கு யாமத்தையும் சிறுபொழுதாக வைத்தது, நிலத்தையும் பொழுதையும் பிரித்துப் பார்க்காத பழக்கத்தால்தான். அந்திமந்தாரை வெயில் தாழ்ந்து நாலு, ஐந்து மணிக்கே விரியும். முல்லை விளக்கு வைக்கும் நேரத்துக்கு. குண்டுமல்லி ஆறிலிருந்து எட்டுக்குள் மெல்ல மலர்ந்து விடியும்வரை மணக்கும். பவழமல்லி இருட்டியபின் விரிந்து இரவு ஏற ஏற மணம் கூடி, விடியலில் உதிர்ந்துவிடும். நிஷாகந்தி ஒன்பது மணிக்கு மேல் திறந்து நள்ளிரவில் முழுதாக விரியும். இந்தப் பூக்களில் பலவும் வெள்ளையாகவும் நீண்ட குழலோடும் இருப்பதற்குக் காரணம் உண்டு. இருட்டில் வரும் விட்டில் வகைப் பூச்சிகளுக்காக மலர்பவை இவை. நிறம் பார்க்க முடியாத நேரத்தில் வெண்மையும் மணமும்தான் அழைப்பு.

மாதம். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நாம் வெளியே அதிகம் உட்காருவது எப்போது? பங்குனி, சித்திரை, வைகாசியில். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமலும், கரண்ட் போனதாலும் வாசலுக்கும் மாடிக்கும் வருகிறோம். அந்த மாதங்களில் பூக்காத செடி எவ்வளவு புகழ்பெற்றதானாலும் நமக்குப் பாதிதான் பயன்.

தண்ணீர். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கியதால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வேலூர் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு. ஆனால் நிலத்தில் இறங்கிய உப்பு இன்னும் இறங்கியபடியேதான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். செடி வாங்கும் முன், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி உங்கள் போர் தண்ணீரை அளந்து பாருங்கள். என் அனுபவத்தில் 1,000-க்குள் இருந்தால் எல்லாச் செடிக்கும் ஊற்றலாம். 2,000-ஐத் தாண்டினால் தொட்டியில் மல்லி வளர்ப்பது தினசரிப் போராட்டம்.

வெக்கை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும் கான்கிரீட்டும் பகலில் குடித்த சூட்டை இரவில்தான் கக்கும். ஆறு மணிக்கு மாடித் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. மண் தரையில் அதே நேரம் தண்ணீர் தெளித்தால் பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும்.

மணத்தின் அளவு. மணம் அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். இழுப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதையே முதலில் யோசிக்க வேண்டும். இதற்குத் தனியாக வருகிறேன்.

## முதல் வழி: தரையில் ஒரு மரம்

பவழமல்லி, மரமல்லி இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் மனதில் வைத்திருக்கிறார்கள்.

பவழமல்லி நம் ஊருக்கு ஏற்ற மரம். வேர் பிடித்துவிட்டால் சுமாரான தண்ணீரையும் கோடையையும் தாங்கும். பத்துப் பன்னிரண்டு அடியில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, அடக்கமாக வைக்கலாம். ஆடி மழைக்குப் பிறகு மொட்டு கட்டி, ஐப்பசி, கார்த்திகையில் உச்சம். இரவு பத்து மணிக்கு அதன் கீழே நின்றால் தேன் கலந்த ஒரு குளிர்ந்த மணம். மேலே வந்து மோதாது, இருக்கிற இடத்தில் இருக்கும். காலையில் வாசலெல்லாம் ஆரஞ்சுக் காம்போடு வெள்ளைப் பூ. தரையில் விழுந்த பூவைப் பூஜைக்கு எடுப்பது இந்த ஒன்றுக்குத்தான் என்று என் மாமியார் சொல்வார்.

எதிர்வீட்டு நர்ஸ் பெண்ணுக்கு நான் சொன்னது இதைத்தான். பத்து மணிக்கு கேட்டைத் திறந்து உள்ளே வருபவளுக்கு அந்த நேரத்தில் உச்சத்தில் இருக்கும் பூ இது.

மறைந்து நிற்கும் செலவு என்ன? காசல்ல, மாதம். கோடையில் பவழமல்லி இலை உதிர்த்துச் சொரசொரப்பான குச்சியாக நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் அதன் கீழே உட்கார நிழலும் இல்லை, பூவும் இல்லை. வெளியே உட்காரும் மாதங்களில் அது தூங்குகிறது. அது விழித்திருக்கும் மாதங்களில் மழையும் கொசுவும். அதோடு நாற்று நட்டு நல்ல பூ பார்க்க இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

மரமல்லியைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அழகில் அதற்கு ஈடில்லை. ஐம்பது அறுபது அடி உயரத்திலிருந்து நீண்ட காம்புள்ள வெள்ளைப் பூக்கள் இரவெல்லாம் சுழன்று இறங்கும். 2006-இல் காம்பவுண்டு சுவருக்கு ஐந்து அடி தள்ளி ஒன்று நட்டேன். கட்டை மென்மையானது, பெருங்காற்றுக்குக் கிளை முறியும். வேரில் எங்கே காயம் பட்டாலும் அங்கிருந்து புதுக் கன்று முளைக்கும். பைப் லைனுக்குப் பள்ளம் தோண்டிய வருடம் பதினோரு இடத்தில் முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஷீட் மேல் ஒரு கிளை விழுந்தபின் வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டும் கூலி, ஷீட் மாற்றிக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து, அந்த மரத்துக்கு அதுவரை செய்த செலவெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. தோப்பு, பண்ணை வீடு, பள்ளி மைதானம் என்று இடம் இருப்பவர்கள் தாராளமாக வையுங்கள். அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் தம்பிக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். அரை கிரவுண்டு மனையில் வேண்டாம்.

## இரண்டாம் வழி: கொடியும் பந்தலும்

பழைய வட ஆற்காட்டு வீடுகளின் பின்கட்டில் நாலு கல்லுக்கால் நட்டு மேலே மூங்கில் பரப்பிய பந்தல் இருக்கும். அவரையும் முல்லையும் ஒன்றாகவே ஏறியிருக்கும். இன்று கல்லுக்காலுக்குப் பதில் ஜிஐ பைப். நான் எட்டுக்குப் பத்து அடியில் போட்ட பந்தலுக்கு வெல்டிங் கூலியோடு 14,000 ரூபாய் ஆனது. முதல் நாளே கண்ணுக்குத் தெரியும் செலவு என்றால் மூன்று வழிகளில் இதற்குத்தான் அதிகம்.

ஆனால் பந்தல் தருவதை வேறெதுவும் தராது. மேலே பூ, கீழே நிழல், நடுவில் நாற்காலி. நிழலில் இருந்த தரை மாலையில் சீக்கிரம் குளிரும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரை ஒட்டிப் பந்தல் அமைந்தால் படுக்கையறைச் சூடும் குறையும்.

எந்தக் கொடி? மூன்றைத்தான் சொல்வேன்.

*முல்லை* சித்திரையில் தொடங்கிக் கார்த்திகைவரை பூக்கும். ஆறு மணிக்குப் பூக்கும் பூ, தலைமையாசிரியரின் நேரம். தை மாதக் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும். மொட்டிலும் இலையிலும் முடி முடியாகப் புடைப்பு வந்தால் அது ஒரு வகைச் சிலந்திப் பேனின் வேலை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பாரி முல்லை ரகம் அதைத் தாங்கும் என்பதால், கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

*சாதிமல்லி*, பிச்சி என்றும் சொல்வார்கள். இதழின் அடியில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். முல்லையைவிட மென்மையான மணம், சற்றுப் பிந்திய பருவம். மார்கழிக் கடைசியில் கவாத்து. தண்ணீர் சுமாராக இருந்தால் முல்லையைவிட முதலில் வாடுவது இதுதான்.

*ரங்கூன் மல்லி*யைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மாலைக் கொடி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். உப்புத் தண்ணீர், சரளை மண், சித்திரை வெயில் எதையும் பொருட்படுத்தாது. வருடத்தில் பெரும்பகுதி பூக்கும், கோடையிலும் கொத்துக் கொத்தாக. முதல் மாலை வெள்ளையாக விரியும் பூ மறுநாள் ரோஸ், அடுத்த நாள் சிவப்பு. வெள்ளையாக இருக்கும் முதல் இரவில் விட்டில்கள் வரும், சிவந்தபின் பகலில் தேனீயும் தேன்சிட்டும். ஒரே கொத்தில் மூன்று நிறம் தொங்கும்போது விளக்கே தேவையில்லை. மணம் பழ வாசனை போல இருக்கும், எட்டு மணிக்கு மேல் நன்றாகத் தெரியும்.

இனி மறைந்த செலவு. ரங்கூன் மல்லி அடங்காது. வருடம் இருமுறை வெட்டாவிட்டால் கேபிள், கிரில், பக்கத்து வீட்டுக் கொய்யா எல்லாவற்றிலும் ஏறும். இலை உதிர்ந்த காம்பு முள்ளாக நிற்கும். வெட்டும்போது கையுறை வேண்டும். மெலிந்த பந்தல் அதன் எடையில் வளையும், இரண்டு அங்குல பைப்பாவது போடுங்கள்.

முல்லைக்கும் சாதிமல்லிக்கும் வேறொரு செலவு உண்டு. அது வீட்டுக்குள்ளேயே நடக்கும் இழுபறி. தொடுப்பதற்கு மொட்டாகத்தான் பறிக்க வேண்டும், நாலு மணிக்குள். பறித்துவிட்டால் ஆறு மணிக்குத் தோட்டத்தில் மணம் இல்லை. பறிக்காமல் விட்டால், "இவ்ளோ பூவ வீணாக்குற" என்று பெரியவர்கள் மனம் கஷ்டப்படுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். கைக்கு எட்டுவது தலைக்கும் சாமிக்கும். பந்தலுக்கு மேலே போனது தோட்டத்துக்கு. ஏணி போட்டு யாரும் பறிக்கக் கூடாது. இப்படி ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொடி வைக்க இடமிருந்தால் இன்னும் நல்லது.

## மூன்றாம் வழி: மாடியில் தொட்டிகள்

மனையில் வீடு போக மண்ணே மிஞ்சாதவர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் வழி. குறைந்த காசில் தொடங்கலாம். செடி வாங்கிய அன்றே மொட்டு இருக்கும். பிடிக்காவிட்டால் மாற்றலாம், வீடு மாறினால் கூடவே தூக்கிச் செல்லலாம். மற்ற இரண்டு வழிகளிலும் இல்லாத சுதந்திரம் இது.

குண்டுமல்லிதான் இங்கே தலைவி. கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்துக்குள், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால் மாசிக் கடைசியில் மொட்டு தொடங்கிப் பங்குனி, சித்திரை, வைகாசியில் கொட்டும். வெளியே உட்காரும் மாதமும் பூக்கும் மாதமும் இவ்வளவு சரியாகப் பொருந்தும் செடி வேறில்லை. பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதாது. பதினெட்டு அங்குலம் வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலையாகவே வளரும்.

கூட நிலசம்பங்கி. ஆனி, ஆடியில் கிழங்கு ஊன்றலாம். ஒற்றை இதழ் வகையையே கேளுங்கள், மணம் அதில்தான். அடுக்குச் சம்பங்கி மாலைக்கும் பொக்கேவுக்கும் அழகு, தோட்டத்துக்கு அவ்வளவு உதவாது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரஜ்வல் ஒற்றை வகை, தண்டு உறுதியாக நிற்கும்.

அந்திமந்தாரைக்குக் காசே வேண்டாம். தெருவில் யார் வீட்டிலாவது மிளகு போன்ற விதை உதிர்ந்து கிடக்கும், நாலு எடுத்து வந்தால் போதும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க விரியும் பூ இது. ஆனால் விதையும் கிழங்கும் நச்சு. வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருந்தால் தள்ளி வையுங்கள்.

நிஷாகந்தியை இங்கே பிரம்ம கமலம் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் வளர்வது, முற்றிலும் வேறு செடி. நம்மிடம் இருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி இனம். அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை. ஒரே ஒரு இரவு. மொட்டு தலை நிமிர்ந்து வீங்கியதும் தெருவுக்கே சொல்லி அனுப்புவோம். பத்து மணிக்குக் காபி போட்டு, நாற்காலி போட்டு, பன்னிரண்டுவரை பத்துப் பேர் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருப்போம். விடிந்தால் துவண்டு தொங்கும். நேர் வெயில் பட்டால் தண்டு வெந்து மஞ்சளாகும். கிழக்குப் பார்த்த சன்ஷேடு அடியில் தொங்கவிடுங்கள்.

இப்போது சிரமங்கள், இவை கொஞ்சம் அதிகம். சித்திரையில் இருவேளைத் தண்ணீர். இரண்டு நாள் ஊருக்குப் போனால் ஆளைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். உப்புத் தண்ணீர் தரையில் கொஞ்சமாவது கீழே இறங்கும், தொட்டியில் தேங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்தாலே அது உப்பு. இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளானால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்ஃபேட்) கரைத்து மாதம் ஒருமுறை தெளிக்க மாறும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவதாகப் பலர் பெருமையோடு சொல்கிறார்கள். தயவுசெய்து தொட்டி மல்லிக்கு ஊற்றாதீர்கள், அது போர் தண்ணீரைவிட உப்பு கூடியது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, அதைப் பிடித்து ஊற்றலாம். மழை நாளில் தொட்டிகளைத் திறந்த வெளியில் வைத்து நன்றாகக் கழுவ விடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடிய அந்த மழையில், மூன்று வருடமாக மஞ்சள் நீங்காத என் மல்லி ஒரே மாதத்தில் பச்சையானது.

மாடி ஒழுகுவது அடுத்த செலவு. தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல் ஸ்டாண்டிலோ செங்கல் மேலோ வையுங்கள், காற்றும் போகும், கசிவும் தெரியும். ஈர மண்ணோடு ஒரு பெரிய தொட்டி ஓர் ஆள் தூக்க முடியாத எடை. சுவர் ஓரமாகவே வரிசை வையுங்கள். தென்னைநார்க் கழிவு மூன்றில் ஒரு பங்கு கலந்தால் எடை குறையும். கடைசியாகச் சூடு. மாடித் தரை எட்டு மணிவரை கொதிக்கும் என்பதால் ஐந்து மணிக்கு நாற்காலி போடுபவருக்கு மாடி உதவாது. ஒன்பது மணிக்கு மேல் காற்றாடப் போகிறவர்களுக்குத்தான்.

## இரவு ராணியைப் பற்றித் தனியாக

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், ராத்திரி ராணி வைக்கலாமா என்று. எளிதாக வளரும், பதியனே தேவையில்லை, குச்சி ஊன்றினால் போதும். வருடத்தில் சில தடவை அலை அலையாகப் பூத்து எட்டு ஒன்பது மணிக்கு மேல் தெருக்கோடிவரை மணக்கும்.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அவர் படுக்கும் அறை ஜன்னலுக்கு வெளியே நான் அதை நட்டிருந்தேன். முதல் தடவை பூத்தபோது இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தார். காரணம் எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை பூத்தபோதுதான் புரிந்தது. அன்று இரவே வெட்டினேன். அந்த வேதனை இன்னும் மனதில் இருக்கிறது, அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன். அதன் வெள்ளைக் காயும் இலையும் நச்சு, குழந்தைக்கும் மாட்டுக்கும். பெரிய தோட்டத்தில் வீட்டிலிருந்து நாற்பது ஐம்பது அடி தள்ளி வைக்க முடிந்தால் வையுங்கள். ஜன்னலோரத்தில் ஒருபோதும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | தரை மரம் (பவழமல்லி) | கொடிப் பந்தல் | மாடித் தொட்டி |
|---|---|---|---|
| மணம் உச்சம் | இரவு 9-க்கு மேல் | முல்லை 6 முதல், ரங்கூன் மல்லி 8 முதல் | குண்டுமல்லி 7 முதல் விடியும்வரை |
| பருவம் | ஆவணி – மார்கழி | சித்திரை – கார்த்திகை. ரங்கூன் மல்லி ஏறக்குறைய வருடம் முழுக்க | பங்குனி – ஆடி |
| நல்ல பூவுக்குக் காத்திருப்பு | 2–3 வருடம் | ஏறத்தாழ ஒரு வருடம் | அதே பருவத்தில் |
| உப்புத் தண்ணீர் | ஓரளவு தாங்கும் | ரங்கூன் மல்லி தாங்கும், சாதிமல்லி தாங்காது | கடினம் |
| வேலை | மிகக் குறைவு | வருடம் இருமுறை வெட்டு | தினமும் |
| மறைந்த செலவு | கோடையில் வெறுங்கிளை | பந்தல், அடங்காத வளர்ச்சி | மாடிக் கசிவு, ஊருக்குப் போக முடியாமை |

## பாம்பும் விளக்கும்

மல்லிக்கும் இரவு ராணிக்கும் பாம்பு வரும் என்ற பயத்தால் செடியே வேண்டாம் என்பவர்கள் உண்டு. பாம்புக்குப் பூ மணத்தில் வேலையில்லை. அது தேடுவது தவளை, எலி, பல்லி. அடர்ந்த புதரின் அடியிலும், குவித்துவைத்த செங்கல்லிலும், ஈரத்திலும் அவை இருக்கும். எனவே எந்தச் செடியானாலும் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கிளை இல்லாமல் வெட்டிவிடுங்கள். நாற்காலி போடும் இடத்திலும் நடக்கும் வழியிலும் வெறும் தரையாக விடுங்கள். பயத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கண்ணாடி விரியன் உண்டு, டார்ச் இல்லாமல் இரவில் செடிக்குள் கை விடக் கூடாது.

கொசுவுக்கு: தொட்டியின் கீழ்த்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். உட்காரும் இடத்தில் ஒரு டேபிள் ஃபேன் காலை நோக்கிச் சுழன்றால் பாதிக் கொசு அண்டாது.

விளக்கு வாங்கும்போது நிதானம் வேண்டும். வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் என்றுதான் அந்தக் காட்டைத் தேர்ந்தார்கள், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்தது. இருட்டுக்காக ஒரு மலையே ஏறிய ஊர் நம்முடையது. நம் தோட்டத்தில் வெள்ளை எல்இடி ஃபோகஸ் விளக்கை மரத்தின் மேல் அடித்தால் பூச்சிகள் பூவை விட்டு விளக்கைச் சுற்றும், கண்ணும் கூசும். முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி, மஞ்சள் வெளிச்சமாக ஒன்று அல்லது இரண்டு போதும். மீதியை வெண்பூக்களுக்கு விடுங்கள். ஓரத்தில் நந்தியாவட்டையும் வெள்ளை நித்தியகல்யாணியும் நட்டால் நிலா நாளில் வழி தானாகத் தெரியும்.

## யாருக்கு எது

ஐந்து முதல் எட்டுவரை வாசலில் இருப்பவர், சொந்த வீடு, தண்ணீர் பரவாயில்லை: முல்லைப் பந்தல், அதன் காலடியில் அந்திமந்தாரை. தண்ணீர் உப்பென்றால் முல்லைக்குப் பதில் ரங்கூன் மல்லி.

பத்து மணிக்கு வருபவர், தினமும் தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர்: பவழமல்லி. கோடைக்கு மட்டும் வாசற்படியருகே இரண்டு தொட்டி குண்டுமல்லி சேர்த்துக்கொள்ளலாம்.

வாடகை வீடு, ஒன்பது மணிக்கு மாடியில் படுக்கும் குடும்பம்: குண்டுமல்லி ஆறு தொட்டி, சம்பங்கி இரண்டு, நிஷாகந்தி ஒன்று. அதற்கு மேல் முதல் வருடம் வாங்காதீர்கள். சித்திரையில் தண்ணீர் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டாம் வருடம் கூட்டலாம்.

எதுவானாலும் தரையில் நடுவதை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். ஆடியில் நட்டது கார்த்திகைக்குள் வேர் பிடித்து அடுத்த கோடைக்குத் தயாராகிவிடும். மாசியில் நட்டதைச் சித்திரையில் காப்பாற்றுவது கடினம்.

தலைமையாசிரியர் தன் போர் தண்ணீரை அளந்து பார்த்தார். 1,900. முல்லை ஆசையை விடவும் மனமில்லை. கடைசியில் பந்தலின் மேற்குக் காலில் ரங்கூன் மல்லி, கிழக்குக் காலில் ஒரே ஒரு முல்லை. முல்லைக்கு மட்டும் மாடி மழைநீரை டிரம்மில் பிடித்துத் தினமும் ஒரு குடம். ஆடி பதினெட்டு அன்று நட்டார். போன வாரம் போனில், ரங்கூன் மல்லி பந்தலைத் தொட்டுவிட்டதாகவும், முல்லை இடுப்பளவு வந்து ஏழு மொட்டு வைத்திருப்பதாகவும், அதில் ஒன்றையும் பறிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.